மங்கசேயா போற வழி

— அந்த ஊர்ப் பேரை இந்த வீட்டுக்குள்ள சொல்லாதீங்க இஸ்தோமா. வந்தீங்க, காலை நீட்டி உக்காந்தீங்க, மீன் ரொட்டி சாப்பிட்டீங்க. அந்த மட்டோட இருக்கட்டும்.

— நான் என்னத்த சொல்லிட்டேன் அண்ணி? மங்கசேயான்னு சொன்னேன். அது ஊர்ப் பேருதானே, சாத்தான் பேரா?

— சாத்தான் பேரைச் சொன்னா பாதிரியார் தண்ணி தெளிச்சு விட்டுடுவார். இதைச் சொன்னா தலை போகும். மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு.

— உலீத்தா, அவனை விடு. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு இவன் மூஞ்சியைப் பாத்து. ஊரே என் பேரால நெச்சாய் படகுன்னு சொல்லும், அதுல முன்னால கழியோட இஸ்தோமா, பின்னால சுக்கான்ல நான். நடுவுல இருந்தவனெல்லாம் வெறும் சரக்கு. கேட்டியா இஸ்தோமா, இவ எப்பவும் இப்படித்தான். இந்த வீட்டுல தும்மறதா இருந்தாக்கூட இவகிட்ட கேட்டுட்டுத்தான் தும்மணும்.

— நீங்க மாறவே இல்ல அண்ணே. தாடி மட்டும்தான் வெளுத்திருக்கு.

— தாடி கிடக்குது. பல்லு போச்சு, முட்டி போச்சு. கை மட்டும் இன்னும் சுக்கானைத் தேடுது. காலையில எழுந்ததும் வாசல்ல போய் நின்னு காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாக்கறேன். பாத்துட்டு, சரி, இன்னிக்குப் பாய் ஏத்தலாம்னு சொல்லிட்டு உள்ள வந்து கஞ்சி குடிக்கறேன்.

— கஞ்சின்னதும் ஞாபகம் வருது. முதல் வருஷம் நான் உங்க பூட்ஸ் மேல வாந்தி எடுத்தேனே.

— மேல இல்லடா, உள்ள. நான் பூட்ஸைக் கழட்டி வெயில்ல வெச்சிருந்தேன். நீ அதைப் பாத்திரம்னு நினைச்சுக்கிட்டே. கானின் முனை வர்றவரைக்கும் நான் வெறுங்காலோட சுக்கான் பிடிச்சேன்.

— நீங்க என்னைத் தூக்கிக் கடல்ல போடப் போறீங்கன்னு பயந்தேன். நீங்க சிரிச்சீங்க. அப்புறம் படகு முழுக்கச் சிரிச்சுது.

— என்ன வயசு உனக்கு அப்ப? மீசை முளைக்கல. இப்பப் பாரு, தொந்தி. அந்தக் காலம் மாதிரி வருமா? ஆத்துல பனி உடைஞ்சு போற சத்தம் கேட்டாப் போதும், ஊரே கரைக்கு வந்துடும். கோயில் மணி அடிப்பாங்க. பொம்பளைங்க ரொட்டி மூட்டையைத் தூக்கிப் படகுக்குள்ள போடுவாங்க. இதோ நிக்கறாளே, இவ ஒரு வருஷம் மூட்டையை என் தலை மேலயே போட்டா.

— வேணும்னுதான் போட்டேன். கல்யாணமாகி ஒரு குளிர்காலம்கூட முழுசா முடியல, நீங்க மணியடிச்ச சந்தோஷத்துல என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

— பாத்தேன்டி. நீ சிவப்புத் துணி தலையில கட்டியிருந்தே. முகத்துவாரம் தாண்டறவரைக்கும் அது தெரிஞ்சுது.

— இதை எல்லார்கிட்டயும் சொல்லி என்னை மடக்கிடுவார். சாப்பிடுங்க தம்பி, ரொட்டி ஆறுது. க்வாஸ் இன்னும் ஊத்தட்டுமா?

— ஊத்துங்க அண்ணி. உங்க கை புளிப்பு வேற எங்கேயும் வராது. அண்ணே, அந்தப் பனி நம்மளை நெருக்கிச்சே, யூகோர் ஜலசந்தி தாண்டினதும். ஞாபகம் இருக்கா?

— அதை எப்படி மறப்பேன்? மூணு பக்கமும் பனி. வெள்ளையா மலை மாதிரி மெதுவா வருது. அவசரமே இல்ல அதுக்கு. பலகையெல்லாம் முனக ஆரம்பிச்சுது. உப்புக்காரப் பையன் ஒருத்தன் இருந்தானே, அவன் அழுதுக்கிட்டே அம்மாவைக் கூப்பிட்டான். நான் சொன்னேன், பயப்படாதீங்கடா, நம்ம படகு முட்டை மாதிரி உருண்டை, கசக்கினா நசுங்காது, மேலே துள்ளும்னு. சொல்லி வாய் மூடல, அப்படியே தூக்கிச்சு. ஆளும் சரக்கும் படகுமா பனிக்கட்டி மேல போய் உக்காந்தோம், கோழி அடை காக்கற மாதிரி.

— நம்ம படகுல இருந்த பெர்வூஷா அப்பக் குழல் ஊதினான்.

— ஆமாண்டா. பனி மேல கால்மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டு ஊதினான். சுத்தி ஓட்டைக்கு ஓட்டை கடல்யானை தலை தூக்கிப் பாத்துச்சு. மீசையும் தந்தமுமா, நம்ம ஊர்ப் பெரியவங்க கோயில்ல நிக்கற மாதிரி நின்னு கேட்டுச்சுங்க. ஊதி முடிக்கற வரைக்கும் ஒண்ணுகூடப் போகல. அந்தக் குழல் சத்தம் இன்னும் காதுல இருக்கு. காத்து திரும்பி, பனி விலகி, படகு தானா வழுக்கித் தண்ணியில இறங்குச்சு. அவன் குழலை இடுப்புல செருகிக்கிட்டுக் கழியை எடுத்தான். அவ்வளவுதான்.

— அவனை அங்கேயே விட்டுட்டு வந்தோமே.

— விட்டுட்டுத்தான் வந்தோம். ரெண்டு ஆத்துக்கு நடுவுல படகைத் தரைமேல இழுக்கறப்போ கயிறு அறுந்துச்சு. ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா அவன் படகு உருட்டற கட்டைக்கு அடியில. கலைமான் வெச்சிருந்த ஜனங்க ஓடி வந்தாங்க, சூடா ரத்தம் குடிக்கக் குடுத்தாங்க. வாயிலேயே வெச்சிருந்தான், இறங்கல. கேட்டியா உலீத்தா, அந்த ஜனங்கதான் குழி தோண்டினாங்க. மேல கொஞ்சம்தான் மண்ணு, கீழ தரை பூரா உறைஞ்சு கிடக்கு. தீ மூட்டி மூட்டி இளக்கித் தோண்டினாங்க.

— தெரியும். சொல்லியிருக்கீங்க. இவருக்கு எதுக்கு இப்ப அதெல்லாம்?

— எனக்குக் கேக்கணும் அண்ணி. கேட்டு எவ்வளவு நாளாச்சு. எங்க ஊர்ல யாரும் வாயைத் திறக்கறதில்ல. அண்ணே, கடைசி நாளைச் சொல்லுங்க. ஊரு தெரிஞ்ச நாளை.

— மங்கசேயா தெரிஞ்ச நாளா? அது காலை நேரம். ஆத்துல வளைவுக்கு மேல வளைவு, மரமே இல்லாத ஊரு, குட்டைப் புதர்தான். திடீர்னு ஒரு வளைவுல மணிச் சத்தம். எல்லாரும் துடுப்பை நிறுத்திட்டோம். உலகத்தோட முடிவுல வந்து மணிச் சத்தம் கேக்குதுன்னா நம்புவியா? அடுத்த வளைவுல கோட்டை. புது மரம், வெயில் பட்டு ரொட்டி நிறத்துல இருக்கு. கோபுரம், கோயில் கூம்பு, வீட்டுக்கு வீடு புகை. சந்தையில கறுப்பு ரோமத் தோல் மலையாக் கிடக்கு, கையை விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகும். சூதாடறவன், சதுரங்கம் ஆடறவன், பாட்டுப் பாடறவ, ஆவிக் குளியல் அறையில இருந்து செக்கச்செவேல்னு ஓடி வந்து ஆத்துல குதிக்கறவன். அங்கே யாரும் யாருக்கும் தலை குனியல. உனக்கு என்ன தோணிச்சுன்னு சொன்னியே இஸ்தோமா?

— செத்துட்டோம் போலிருக்கு, நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கோம்னு சொன்னேன்.

— அதேதான். அதைச் சொல்லிச் சொல்லி அந்தக் குளிர்காலம் பூரா சிரிச்சோம்.

— இப்ப அங்கே கோபுரம் சாஞ்சிருச்சாம் அண்ணே. மலை வழியா நடந்து போனவர் ஒருத்தர் சொன்னார். சந்தை நாள்ல நாய்தான் படுத்திருக்காம். கடல் வழியை மூடினதோட ஊர் மூச்சு நின்னு போச்சு.

— மூடினது நம்ம ஜார். டச்சுக்காரனும் ஆங்கிலேயனும் நம்ம பின்னாலயே வந்து வழியைக் கத்துக்குவாங்கன்னு யாரோ காதுல ஓதிட்டாங்க. அந்நியனுக்கு வழி தெரியக் கூடாதுன்னு நமக்கே வழி இல்லாமப் பண்ணிட்டாங்க. கடலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதை இதைத் தவிர வேற எங்கேயாவது கேட்டிருக்கியா?

— போதும். இப்ப ஜாரையும் இழுத்தாச்சு. இஸ்தோமா தம்பி, நேராக் கேக்கறேன், நேராச் சொல்லுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் வர்றப்போ ஒரு அடுப்பு தனியா நிக்கறதைப் பாத்தீங்களா?

— பாத்தேன் அண்ணி. சுத்தி வீடு இல்ல. பனியில அடுப்பு மட்டும் நிக்குது.

— அது குஸ்மா வீட்டு அடுப்பு. அவரும் சுக்கான் பிடிச்சவர்தான். ஒருநாள் துறைமுகத்துல ஒரு வெளியூர்க்காரன் நல்லவனாட்டம் பேசினான், இப்ப நீங்க பேசற மாதிரியே, அந்தக் காலம் எப்படி இருந்துச்சு பெரியவரேன்னு. குஸ்மா சொன்னார். அவரைக் கொண்டு போனாங்க, திரும்பி வரல. வீட்டை மரம் மரமாப் பிரிச்சுக் கொளுத்தினாங்க. அடுப்பு கல்லு, அது எரியல. அவர் பொண்டாட்டி இங்கேதான் ஒரு வாரம் படுத்திருந்தா. இப்பச் சொல்லுங்க, உங்களை யார் அனுப்பினாங்க?

— உலீத்தா. என் வீட்டு விருந்தாளிடி அவன்.

— நீங்க சும்மா இருங்க. நான் அவரைக் கேட்டேன்.

— யாரும் அனுப்பல அண்ணி. சிலுவை மேல சத்தியம். என் மகனுக்காக வந்தேன்.

— மகனுக்கு என்ன?

— தொமீல்கா. எனக்கு அவன் ஒருத்தன்தான். எங்க ஊர்ல ரெண்டு வருஷமா தானியம் கருகிப் போச்சு. போன குளிர்காலத்துல மரப்பட்டையை இடிச்சு மாவுல கலந்தோம். பையன்க கூடிப் பேசினாங்க. வைக்கோல் கொட்டாய்க்குள்ள படகு கட்டியிருக்காங்க. உருண்டைப் படகு. ஆறு திறந்ததும் கிளம்பறாங்க.

— எங்கே?

— எங்கேன்னு நீங்கதான் சொல்லக் கூடாதுங்கறீங்களே.

— தடுங்க. அப்பன்தானே நீங்க? கோடாலி இல்லையா உங்க வீட்டுல? படகு அடியில ரெண்டு போடு போடுங்க.

— போட்டேன் அண்ணி. அவன் தூங்கறப்போ போய் நானே போட்டேன். காலையில வந்து பாத்தான். உடைஞ்ச பலகையை எடுத்துட்டு வேற பலகை வெச்சுத் தைக்க ஆரம்பிச்சான். அன்னிக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு. அவன் போகத்தான் போறான். வழி தெரிஞ்சு போறானா, தெரியாமப் போறானான்னுதான் இனிமே.

— நீங்க போனவர்தானே? நீங்களே சொல்ல வேண்டியதுதானே?

— நான் முன்னால நின்னேன் அண்ணி. கையில கழி. கண்ணு பூரா மூக்குக்கு முன்னால வர்ற பனிக்கட்டி மேல. அண்ணன் கரையைப் பாத்தார், நான் பனியைப் பாத்தேன். எந்த முனையில திரும்பினோம், எந்த ஆத்துக்குள்ள நுழைஞ்சோம், அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் குளிரும் கொசுவும்தான். சுக்கான் பிடிச்சவங்கள்ல உயிரோட இருக்கறது இப்ப அண்ணன் ஒருத்தர்.

— நான் ஒருத்தன்தானா? சீமோன்?

— போன வருஷம் போயிட்டார் அண்ணே.

— அந்தக் கோணக்கண்ணன்?

— அவர் எப்பவோ.

— அப்ப நான் ஒருத்தன்தான். கேட்டியா உலீத்தா.

— கேட்டேன். அதனாலதான் சொல்றேன், வாயை மூடிக்கிட்டு இருங்க. அந்தப் பையன் பிடிபட்டா, யார் சொல்லிக் குடுத்ததுன்னு ரெண்டு அடியில சொல்லிடுவான். நம்ம வீட்டு அடுப்பும் தனியா நிக்கும். எனக்குப் பயமா இருக்கு. வெக்கப்படாமச் சொல்றேன், பயமா இருக்கு.

— உலீத்தா, இங்கே பாரு. பனிக்குள்ள வழி தெரியாமப் போறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இவன் ஊட்டி வளத்த பிள்ளை. நான் வழியை வெச்சுக்கிட்டு இங்கே கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருப்பேன், அவன் அங்கே போய்ச் சாவான். அப்படி ஒரு கஞ்சி எனக்கு இறங்காது.

— எனக்குப் பிள்ளை இல்லாததனால எனக்குப் புரியாதுன்னு சொல்ல வர்றீங்களா?

— அப்படி யார் சொன்னா? நீ என்னை அத்தனை வருஷம் கடலுக்கு அனுப்பிட்டுக் கரையில நின்னவ. உன்னைவிட யாருக்குப் புரியும்?

— சொல்லுங்க அப்ப. சொல்லித் தொலைங்க. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கறேன். எனக்கு ஒண்ணும் கேக்கல.

— கேட்டியா இஸ்தோமா, இவ சரின்னு சொல்றது இப்படித்தான் இருக்கும். கிட்ட வா. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். எழுதற வேலையெல்லாம் கிடையாது.

— எனக்கு எழுதத் தெரியாது அண்ணே.

— நல்லது. முகத்துவாரம் தாண்டினதும் வலது கைப்பக்கம் கரை. கரையை விடாதே, கரையை முட்டாதே. கானின் முனை பெரிய மூக்கு. அதைச் சுத்த வேண்டாம், சுத்தினா காத்து கொல்லும். குறுக்கே ஒரு சின்ன ஆறு இருக்கு, அதுல ஏறி, சதுப்புல இழுத்து, அந்தப் பக்கம் இறங்கு.

— கானின் சுத்தக் கூடாது. குறுக்கே ஆறு, சதுப்பு, இழுவை.

— பெச்சோரா வாயைத் தாண்டறப்போ கரையை விட்டு நல்லாத் தள்ளிப் போ, மணல் திட்டு நாய் மாதிரி பதுங்கிக் கிடக்கும். அப்புறம் யூகோர் ஜலசந்தி. அங்கே அவசரப்படக் கூடாது. பனி வந்து வாயை அடைச்சிருக்கும். கரையில மரச் சிலுவை இருக்கு, நம்ம முன்னோர் நட்டது. அதுக்குக் கீழ உக்காந்து காத்துக்காகக் காத்திரு. தெக்குக் காத்து வந்தா பனி விலகும். அப்ப நுழை. சாப்பாட்டுக்குக்கூட நிக்காதே.

— சிலுவைக்குக் கீழ காத்திருக்கணும். தெக்குக் காத்து வந்தா நிக்காமப் போகணும்.

— அதுக்கு அந்தப் பக்கம் காரா கடல். அதைக் குறுக்கே வெட்டு. கிழக்கே, சூரியன் எழும்பற பக்கமா, யமால் கரை வர்ற வரைக்கும். பாத்தா கரைன்னே தெரியாது. தண்ணி மேல பழுப்பா ஒரு கோடு போட்ட மாதிரி, அவ்வளவு தாழ்வு. மலையைத் தேடிக்கிட்டு நின்னேன்னா தரை தட்டுவே.

— பழுப்புக் கோடு. சரி.

— இப்ப நல்லாக் கேளு. வழியில கழுத்து இதுதான். அந்தக் கரையில ரெண்டு ஆத்து வாய் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒண்ணு கலங்கல், ஒண்ணு தெளிவு. ரெண்டும் ஒரே அகலம், தூரத்துல பாத்தா அக்கா தங்கச்சி மாதிரி. தெளிஞ்ச தண்ணி வர்ற வாயில நுழையணும். அடியில கூழாங்கல்லு தெரியும். கண்ணாடி மாதிரி.

— தெளிஞ்ச தண்ணி.

— உலீத்தா, என்ன விழுந்துச்சு அங்கே?

— ஒண்ணுமில்ல. கரண்டி. கை வழுக்கிடுச்சு.

— அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? கோபிச்சுக்காதீங்க. எனக்கு என்னமோ கலங்கல்னுதான் தோணுது. கஞ்சி காய்ச்சினா பல்லுல மண்ணு நறநறங்கும். பெர்வூஷா துணியில வடிகட்டுவான்.

— அது பெச்சோராடா. இல்ல வேற வருஷம். கையில சுக்கான் இருந்தது உனக்கா, எனக்கா?

— உங்களுக்குத்தான்.

— என் கண்ணுக்கு முன்னால தெரியுது. தண்ணி அப்படியே ஓடுது, அடியில ஒவ்வொரு கல்லும் தெரியுது. கரையில புல்லு வளைஞ்சு நிக்குது. தெளிஞ்ச தண்ணிதான்.

— சரி அண்ணே. தெளிஞ்ச தண்ணி. கூழாங்கல்லு.

— அதுல மேல ஏறு. காத்து இருந்தா பாய், இல்லேன்னா கயிறு கட்டி இழு. ஏரி வரும், அடுத்த ஏரி வரும். அப்புறம் தண்ணி முடிஞ்சு தரை. அங்கே படகைக் காலி பண்ணி, கட்டை போட்டு உருட்டணும். கயிறு புதுசா இருக்கணும். பழைய கயிறை நம்பாதேன்னு பையன்கிட்ட சொல்லு, இதை மட்டும் மறக்காமச் சொல்லு. அந்தப் பக்கம் பச்சை ஆறு. அது தானா உன்னைக் கொண்டு போய் ஓப் வளைகுடாவுல விட்டுடும். அதுக்கு மேல வழி கேக்க வேண்டாம். மணிச் சத்தம் கேக்கும்.

— இப்ப மணி அடிக்கறாங்களோ என்னவோ அண்ணே.

— அடிப்பாங்க. படகைப் பாத்தா அடிப்பாங்க. கடல் வழியா ஒரு படகு வருதுன்னா, சாஞ்ச கோபுரத்துலயும் ஏறி அடிப்பாங்க.

— அண்ணே, நான் உங்க கையில முத்தம் குடுத்துக்கலாமா?

— போடா. கையாம். எழுந்திரு, இருட்டறதுக்குள்ள ஆத்துப் பனியைத் தாண்டு. பகல் வெயில்ல ஓரம் இளகியிருக்கு, பாத்துக் கால் வை. உலீத்தா, இவனுக்கு ரொட்டி கட்டிக் குடு.

— கட்டி வெச்சிருக்கேன். இந்தாங்க தம்பி. போயிட்டு வாங்க. சீக்கிரம் போங்க.

— அண்ணி, நீங்க திட்டினதெல்லாம் நியாயம்தான். பையன் உங்க பேரை வாயில எடுக்க மாட்டான். நாக்கை அறுத்தாலும் எடுக்க மாட்டான். நான் வளத்த பிள்ளை.

— போங்க தம்பி. முகத்தைப் பாத்துப் பேசாதீங்க. போங்க.

— நல்லா இருங்க அண்ணே. பனி போனதும், அவன் திரும்பி வந்ததும், நானே வந்து சொல்றேன்.

— வா. குழல் ஊதறவன் எவனாவது இருந்தா கூட்டிட்டு வா.

— கிளம்பறேன் அண்ணி.

— கதவை இழுத்துச் சாத்திட்டுப் போங்க.

— பாத்தியா உலீத்தா. இருபது வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி வெச்சிருந்தேன். இறக்கி வெச்சாச்சு. உடம்பே லேசாயிருச்சு. கொஞ்சம் க்வாஸ் ஊத்து. என்ன, ஏன் அப்படிப் பாக்கறே?

— நீங்க எப்படிப்பட்ட மனுஷன்னு பாக்கறேன்.

— என்னடி?

— சொல்லாதீங்கன்னுதான் நான் சொன்னேன். கொல்லுங்கன்னு சொன்னேனா?

— யாரைக் கொன்னேன்?

— அந்தப் பையனை. தெளிஞ்ச தண்ணின்னு சொன்னீங்களே. அதைக் கேட்டதும் என் கையில இருந்த கரண்டி நிக்கல. நம்ம வீட்டைக் காப்பாத்த நீங்க வழியை மாத்திச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல, அவ்வளவு பயம் எனக்கு. அவர் அத்தனை நம்பிக்கையோட உங்க கையில முத்தம் குடுக்கலாமான்னு கேட்டுக்கிட்டு நிக்கறார், நான் ரொட்டி கட்டிக் குடுக்கறேன். வேண்டாங்க. இப்படி வீட்டைக் காப்பாத்த வேண்டாம். எரிஞ்சு போகட்டும்.

— நீ என்ன பேசறேன்னே எனக்குப் புரியல. நான் எதையும் மாத்திச் சொல்லல.

— என்கிட்டயுமா? தெளிஞ்ச வாயில நுழைஞ்சவங்க சோஸ்னின் அண்ணன் தம்பிங்க. ரெண்டு படகு. உள்ள போனதும் தண்ணி ஆழம் போச்சு, வடக்குக் காத்து பனியைக் கொண்டு வந்து வாயை அடைச்சுடுச்சு. அடுத்த வருஷம் நீங்க போறப்போ பாய்மரக் குச்சி ரெண்டு மட்டும் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்க. நமக்குக் கல்யாணமான புதுசு. சொல்லிட்டு என் மடியில படுத்து அழுதீங்க.

— சோஸ்னின் ஆளுங்க போனது கலங்கல் வாயில. தப்பா ஞாபகம் வெச்சிருக்கே.

— பெர்வூஷாவை எங்கே புதைச்சீங்க?

— படகு இழுத்த இடத்துல. நாங்க போன ஆத்துக்குப் பக்கத்துலதான்.

— அந்தக் குழியில தண்ணி ஊறிச்சுன்னு சொல்வீங்களே. எந்த மாதிரித் தண்ணி?

— கறுப்பா. சேறு மாதிரி. ஊறிக்கிட்டே இருந்துச்சு. தொப்பியால மொண்டு மொண்டு இறைச்சோம். அப்புறம் கைகழுவ ஆத்துக்குப் போனோம். கழுவக் கழுவ கை பழுப்பாவே… இரு. உலீத்தா, இரு.

— இருக்கேன்.

— ஆறு பழுப்பு. கையில ஒட்டிக்கிச்சு. துடைச்சும் போகல. கலங்கல் ஆறு. அதுக்குப் பேரே கலங்கல் ஆறுதானே. நாங்க அப்படித்தானே கூப்பிடுவோம்.

— ஆமாங்க.

— அப்ப அந்தத் தெளிஞ்ச தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு? நான் பொய் சொல்லல உலீத்தா. கண்ணை மூடினா தெரியுது. கூழாங்கல்லு, வளைஞ்ச புல்லு, ஒரு மரத் தொட்டி கவுத்துப் போட்டிருக்கு.

— அது நம்ம ஆறுங்க. நம்ம துறை. நான் துணி துவைக்கற தொட்டிதான் அது. கோடை பூரா அங்கேதான் உக்காந்திருக்கீங்க.

— நம்ம ஆறா?

— நம்ம ஆறு.

— எப்பலேருந்து எனக்கு இப்படி?

— எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் எனக்கும் தெரியுது. நீங்க தந்திரம் பண்றீங்கன்னுதான் நினைச்சேன்.

— வேற என்னவெல்லாம் கலந்து சொல்லியிருப்பேன்? சிலுவை சரியா? கானின்? அவன் திருப்பித் திருப்பிச் சொல்லி மனசுல ஏத்திக்கிட்டுப் போறானே. கலங்கல்னு அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு, நான் அதட்டி அழிச்சுட்டேன். உலீத்தா, நான் ஓடிப் போய்ச் சொல்றேன். ஆனா என்னன்னு சொல்லுவேன்? எது சரின்னு எனக்கே தெரியலையே. வழி தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் மிச்சம்னு அவன் சொன்னான். இப்ப அதுவும் இல்ல. போயிருச்சு. ஜாருக்குச் சந்தோஷமா இருக்கும்.

— அழாதீங்க. நகருங்க, என் பூட்ஸ் எங்கே? அவர் இன்னும் ஆத்து நடுவுலதான் போய்க்கிட்டிருப்பார்.

— நீ போயி? பக்கத்து வீட்டுல பாப்பாங்களே. நீ போயி என்ன சொல்லப் போறே?

— எல்லாத்தையும் சொல்லப் போறேன். இந்த இருபது வருஷமும் நீங்க தூக்கத்துல அந்த வழியைத்தான் ஒப்பிச்சீங்க, முகத்துவாரத்துல ஆரம்பிச்சு மணிச் சத்தம் வரைக்கும். வெளியில யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு நான் உங்க வாயைப் பொத்திக்கிட்டு முழிச்சுப் படுத்திருந்தேன். ஒரு முனை விடாம அத்தனையும் என் உள்ளங்கைக்குள்ளதாங்க சொல்லியிருக்கீங்க.